மாமாவின் காருக்குப் பொருத்தம் பார்த்த கதை

கருவேப்பிலங்குறிச்சி என்று ஓர் ஊர் இருப்பதாகச் சொன்னால் எங்கள் காரியாலயத்தில் சிரிக்கிறார்கள். ரசத்தில் மிதந்து, வாசனையைக் கொடுத்துவிட்டு, இலையோரத்தில் ஒதுங்குகிற ஒரு வஸ்துவின் பெயரில் ஊரா என்று கேட்கிறார்கள். ஊர் நிஜமாகவே இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து ஜயங்கொண்டம் போகிற சாலையில், வெள்ளாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் தாய்மாமா அந்த ஊர்க்காரர். ஆனால் உபயோகித்துவிட்டு எறிகிற கருவேப்பிலை சம்பிரதாயம் மட்டும் அவருக்குச் சம்மதமில்லாதது. அவர் வீட்டில் இன்னும் ஓடுகிற 1996-ஆம் வருஷத்து அம்பாஸடர் கார் அதற்கு அத்தாட்சி.

அம்பாஸடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதனால் என்ன? பிரேக், கிளட்ச், கதவுக் கைப்பிடி என்று எது கேட்டாலும் இன்றைக்கும் எங்காவது கிடைக்கிறது. நாற்பது ஐம்பது வருஷம் தேசமெல்லாம் ஓடிய வண்டி அல்லவா? மாமாவின் காரில் பழுதானது இவற்றில் ஒன்றும் அல்ல. பழுதானது அதன் ஏ.ஸி.

"இருபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு ஏ.ஸி. ஒரு கேடா?" என்று கேட்கலாம். நானும் கேட்டிருப்பேன், அத்தையைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அத்தைக்கு இழைப்பு. மாதம் ஒரு முறை புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். விருத்தாசலம், நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் என்று போகிற அந்த வழியில் லாரிகளுக்குக் குறைவே இல்லை. லாரிகள் கிளப்புகிற புழுதிக்கும் குறைவில்லை. கண்ணாடியை இறக்கினால் புழுதி உள்ளே வந்து அத்தைக்கு மூச்சு முட்டுகிறது. கண்ணாடியை ஏற்றினால், கத்திரி வெயிலில் கார் செங்கல் சூளையாகிவிடுகிறது. சித்திரை மாதத்தில் ஒரு நாள் குறிஞ்சிப்பாடிக்கு அப்பால் சாலையோரப் புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, அத்தைக்கு விசிறியபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம் மாமா. இதை எனக்குச் சொன்னது மாமா அல்ல, அத்தைதான்.

வாடகைக் கார் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன்.

"மாப்ளே, அந்தச் சின்ன வண்டியிலே உங்க அத்தை காலை மடக்கிக்கிட்டு எவ்வளவு நேரம் உட்காருவா? இது பின் ஸீட்டு இல்லே, திண்ணை. படுத்துக்கிட்டே வரலாம். நீ பத்திரிகையிலே இருக்கிறவன், பட்டணத்திலே நாலு பேரைத் தெரிஞ்சவன். ஒரு கம்ப்ரஸர் வாங்கித் தர முடியாதா?"

திண்ணை என்றது உண்மைதான். ஆகவே நான் கம்ப்ரஸர் தேடப் புறப்பட்டேன்.

புறப்படுவதற்கு முன் விருத்தாசலத்தில் குளிர்சாதன வேலை பார்க்கும் ஓர் இளைஞரிடம் காரைக் காட்டினோம். ஐ.டி.ஐ.யில் முறையாகப் படித்தவர். அவர் பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் முன்பக்கத்துத் தட்டைக் கையால் திருகிப் பார்த்தார். அசையவில்லை. ஒரு குழாயைக் கழற்றி உள்ளே விரலைவிட்டு முகர்ந்தார்.

"சார், கேஸை மாத்தியிருக்காங்க. எண்ணெயை மாத்தலே" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்கு அரை நாள் பிடித்தது. நேயர்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டியிராது.

ஏ.ஸி. என்பது வேறு ஒன்றுமில்லை, மண்பானைத் தத்துவந்தான். பானையின் மேல் கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காரில் நீருக்குப் பதிலாக ஒரு திரவம். அது பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி அளவிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை இழுத்து அழுத்துகிறது. முன்னால் ரேடியேட்டருக்கு எதிரே நிற்கும் கண்டென்ஸரில் அது சூட்டை வெளிக்காற்றிடம் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு டிரையர் என்ற சின்னப் புட்டியில் ஈரத்தை விட்டுவிட்டு, ஒரு நுண்ணிய வால்வு வழியாகக் காயிலுக்கே திரும்புகிறது. இதில் முக்கியமான விஷயம், இந்த மாதிரிக் கம்ப்ரஸருக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டிலும் பம்பும் கிடையாது. எண்ணெய் கேஸோடு கலந்து ஊர் சுற்றிவிட்டுக் கேஸோடுதான் வீடு திரும்ப வேண்டும்.

மாமாவின் காரில் முதலில் இருந்தது ஆர்-12 என்ற பழைய கேஸ். அதற்கு உகந்தது மினரல் ஆயில். இரண்டும் பாலும் நீரும் போலக் கலக்கும். பின்னால் வந்த 134ஏ என்ற கேஸுக்கும் அந்த எண்ணெய்க்கும் ஒட்டவே ஒட்டாது. மாமா வருஷா வருஷம் கேஸ் அடித்துக்கொண்ட பட்டறையில் ஒரு வருஷம் பழைய கேஸ் தீர்ந்து போயிருக்கிறது. எண்ணெயை அப்படியே விட்டுவிட்டுப் புதிய கேஸை அடித்து அனுப்பிவிட்டார்கள். கேஸ் சுற்றியது, எண்ணெய் கூலிங் காயிலிலேயே தங்கிவிட்டது. கம்ப்ரஸர் வறண்டுபோய் இறுகிவிட்டது.

"அப்போ பழைய கேஸையே போடு தம்பி" என்றார் மாமா.

அது எளிதல்ல. ஆர்-12 என்பது தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் கண்ட வாயுக்களில் ஒன்று. 1930-ல் அவர் விஞ்ஞானிகள் சபையில் அந்த வாயுவை வாய் நிறைய இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பற்றாது என்று ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார். உலகமே கை தட்டியது. ஆனால் 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர், இந்த இனத்து வாயுக்கள் வானத்தின் உயரத்துக்குப் போய் ஓஸோன் படலத்தைக் கரைக்கும் என்றார்கள். 1985-ல் தென் துருவத்துக்கு மேல் அந்தப் படலம் மிகவும் மெலிந்திருப்பது தெரிந்தது. 1987-ல் மாண்ட்ரீயலில் ஒப்பந்தம் ஆயிற்று. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. 2003 ஜனவரி முதல் புதுச் சாதனங்களில் இந்த வாயுவைப் போடக்கூடாது என்று இங்கே சட்டம் வந்தது. 2008-ல் இந்தியா இதன் உற்பத்தியையே, ஆஸ்துமா நோயாளிகளின் இன்ஹேலருக்கு வேண்டியது நீங்கலாக, நிறுத்திக்கொண்டது. அத்தையின் இழைப்புக்கு மட்டும் சட்டம் சலுகை கொடுத்தது. மாமாவின் காருக்குக் கொடுக்கவில்லை!

எனவே நான் தேட வேண்டியது பழைய சாமானைப் போன்ற சாமான் அல்ல. இடத்தில் பழைய சாமானைப் போல் உட்கார வேண்டும்; குணத்தில் புதிய கேஸுக்கு இணங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல் பார்த்தால்தான் உண்டு.

இறுகிப்போன கம்ப்ரஸரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறினேன். எதிர் ஸீட்டுப் பெரியவர் சாக்கை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பலாப்பழமா தம்பி? பண்ணுருட்டியா?" என்றார். கம்ப்ரஸர் என்றேன். "அது எதுக்கு நல்லது?" என்றார். மருந்து என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒருவகையில் தவறும் இல்லை.

சென்னையில் பழைய கார் சாமானுக்குப் புதுப்பேட்டை. எழும்பூர் ரயிலடியிலிருந்து நடக்கிற தூரம். அந்தத் தெருக்களுக்குள் நுழைந்தால் கார்களின் பிரேதப் பரிசோதனை நடக்கிற இடத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். ஒரு கடையில் கதவுகள் மட்டும். ஒரு கடையில் விளக்குகள் மட்டும். இன்னொன்றில் கூரை வரை ஸ்டியரிங் சக்கரங்கள். நான் போன கடையில் கம்ப்ரஸர்கள் தேங்காய்க் குவியல்போல் கிடந்தன. கடைக்காரர் சாக்கைப் பிரித்ததும், "508" என்றார். ஐந்து பிஸ்டன் கொண்ட ஜப்பானிய ஸாண்டென் ஜாதி. ஒரு காலத்தில் வானுக்கும் ஜீப்புக்கும் டிராக்டருக்கும் கூட அதைத்தான் மாட்டினார்களாம்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. பக்கத்தில் ஒருவர் முகம் வாடி நின்றுகொண்டிருந்தார். அவருடைய கார் மாமாவின் காரைவிடப் பத்து வயது இளையது. அயல் தேசத்துக் கம்பெனியின் தயாரிப்பு. அந்த மாடலுக்கென்றே தனியாக வளைத்த அலுமினியக் குழாயும் தனியாக வார்த்த கம்ப்ரஸரும் அதற்கு வேண்டும். மூன்று நாளாக அலைகிறாராம். மாமாவின் ஏ.ஸி.யோ கார்க் கம்பெனி போட்டதே அல்ல. கார் வாங்கிய மறு வருஷம் ஒரு பட்டறையில் டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்ட பெட்டி. எல்லா வண்டிக்கும் பொதுவான சாமான்களை வைத்து, இரும்புப் பட்டையை வளைத்து அமைத்தது. அன்றைக்கு அதை மட்டமான ஒட்டு வேலை என்று உறவினர்கள் சொன்னார்கள். இன்றைக்கு அதுதான் காப்பாற்றியது. காரிலும் கிழவருக்கு மருந்து கிடைத்துவிடுகிறது; நடுவயதுக்காரர்தான் தவிக்கிறார்.

508-க்குப் பின் வந்த தம்பி 5-ஹெச்-14. புதிய கேஸுக்கென்றே பிறந்தது. பிராக்கெட்டில் மாட்டுகிற காதுகள் அண்ணனுடையதைப் போலவே இருக்கும். "இருக்கும்" என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன்; கடைக்காரர் சுலபமாக விடவில்லை. முதலில் காதுகளின் இடைவெளியை அளந்தார். பிறகு பெல்ட் ஓடுகிற பள்ளம். மாமாவின் காருக்கு வேண்டியது பழைய தினுசு அகலப் பள்ளம். குவியலில் முக்கால்வாசி, பல வரிகள் கொண்ட புது தினுசு. அப்புறம் குழாய் ஏறுகிற வாய் மேலேயா, பின்னாலேயா? வாயில் மறை உண்டா, வெறும் ரப்பர் வளையமா? கிளட்ச் காயில் 12 வோல்ட்டா, லாரிக்கான 24 வோல்ட்டா? ரஜ்ஜுப் பொருத்தம் கூட இவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. குவியலைப் புரட்டி அவர் எடுத்து வைத்த ஆறில் எல்லாம் பொருந்தியது ஒன்றுதான். அதுவும் ஏற்கெனவே ஓடினது. ஓடினதை நம்பாமல், அங்கிருந்து ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்கு நடந்து, அதே அடையாளங்களைச் சொல்லிப் புதிதாகவே ஒன்று வாங்கினேன். பெட்டியின்மேல் இன்ன எண்ணெய், இவ்வளவு என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்ததில் எனக்கு உண்டான நிம்மதி சொல்லி முடியாது.

கண்டென்ஸரும் மாற்ற வேண்டும் என்று விருத்தாசலத்து இளைஞர் சொல்லியிருந்தார். பழையது பாம்பு மாதிரி ஒரே குழாய் வளைந்து வளைந்து போவது. புதிய கேஸின் அழுத்தம் வெயிலில் அதிகமாக ஏறும். அதற்குப் பல சன்னக் குழாய்கள் இணையாக ஓடுகிற தினுசு நல்லது. அது அங்குலக் கணக்கில் கிடைக்கிறது, ஜன்னல் வலை வாங்குகிற மாதிரி. டிரையர் புட்டி, வால்வு, உள்ளே நைலான் பூசிய ஹோஸ், பச்சை நிற ஓரிங் வளையங்கள் எல்லாம் ஒரே கடையில் முடிந்தன. பழைய கறுப்பு வளையங்கள் புதிய எண்ணெயைத் தாங்கா.

ஒரு கடையில் மட்டும், "பழைய கேஸே இருக்கிறது, வேண்டுமா?" என்று காதோடு கேட்டார்கள். சமையல் கேஸ் இனத்தைச் சேர்ந்த சரக்கை இந்தப் பெயரில் விற்பது உண்டு என்று எச்சரிக்கப்பட்டிருந்தேன். அது நன்றாகவே குளிரும். ஆனால் காயில் இருப்பது காருக்குள்ளே. கசிந்தால் கசிவதும் காருக்குள்ளே. அத்தை படுத்திருப்பதும் காருக்குள்ளே. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

பழைய கம்ப்ரஸரை எடைக்குப் போடுமுன் புதுப்பேட்டைக்காரர் அதன் முன்பக்கத்தைக் கழற்றி எனக்குக் காட்டினார். சுழலுகிற தண்டின் ஓரமாகக் கேஸ் வெளியேறாமல் தடுக்கும் ஸீல். அதில் இரண்டு வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு: ஒன்று கரி, மற்றொன்று வெள்ளை வெளேரென்ற பீங்கான். அதை மட்டும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். காரணம், மாமா விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் சூளை பார்த்தவர். நெய்வேலியில் நிலக்கரியை எடுக்க வெட்டிய மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வந்தது; அதுவும் சேர்ந்துதான் அந்த ஊரைப் பீங்கான் ஊராக்கியது. நம் வீடுகளில் மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பியூஸ் கட்டை, கொலுவில் வைக்கிற பொம்மை எல்லாம் அங்கே வேகும்.

வளையத்தை மாமா கையில் கொடுத்தேன். நகத்தால் தட்டி ஓசை கேட்டார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். நன்றாக வேகாத பீங்கான் நாக்கைப் பிடிக்குமாம்.

"நம்ம மண்ணு இல்லே, மாப்ளே. அலுமினா. நம்ம பியூஸ் கட்டை வேகிற சூட்டிலே இது பாதிகூட வேகாது. அப்புறம் இந்த முகம்… கண்ணாடி மாதிரி தேய்ச்சிருக்கான் பாரு. எங்க காலத்திலே இவ்வளவு தட்டையா தேய்க்க எங்களுக்குக் கல்லு கிடையாது." கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பொறாமை இருந்தது. வளையம் இப்போது அவருடைய மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைக்கும் பாரமாக இருக்கிறது.

பொருத்துகிற வேலை இரண்டு நாள். அதை முழுவதும் வர்ணித்தால் ஆசிரியர் தொடர்கதைக்கு இடமில்லை என்பார். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இளைஞர் கூலிங் காயிலை வெளியே எடுத்துக் கழுவி, பழைய எண்ணெயை அடியோடு போக்கினார். எல்லாம் மாட்டினபின் கேஸ் அடிக்கவில்லை, நைட்ரஜனை அடைத்தார். சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு இணைப்பு இணைப்பாகப் பூசினார். டாஷ்போர்டுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், காயிலின் ஒரு மூட்டில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது. உடைந்தது. மறுபடி எழுந்தது.

வருஷா வருஷம் மாமா பணம் கொடுத்து அடைத்த கேஸ் வருஷா வருஷம் வெளியேறிய வழி அதுதான். யாரும் தேடவில்லை. தீர்ந்தால் அடித்தார்கள், அடித்தால் காசு வந்தது.

இந்தக் கடுகளவுக் கசிவைக் கண்டபோது எனக்கு ஒரு தமிழரின் ஞாபகம் வந்தது. வீரபத்திரன் ராமநாதன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் அதிக தூரமில்லாத அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-ல் எஞ்சினீயரிங் தேறியவர். முதல் உத்தியோகம் ஸிகந்தராபாத்தில் ஒரு குளிர்சாதனத் தொழிற்சாலையில். இயந்திரங்களிலிருந்து இந்த ஆர்-12 போன்ற கேஸ்கள் ஏன் கசிகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. உற்சாகமான வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு அமெரிக்கா போனார். 1975-ல், இந்த இனத்து வாயுவின் ஒரு மூலக்கூறு, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவின் மூலக்கூறு பத்தாயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஓஸோன் ஒரு பக்கம் இருக்கட்டும், வெயிலையே இது கூட்டுகிறது என்று முதன்முதலில் உலகத்துக்குச் சொன்னவர் அவர். இப்போது நாங்கள் வாங்கிய 134ஏ ஓஸோனைத் தொடாது. ஆனால் அதுவும் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஆயிரத்து முந்நூறு மடங்குக்குக் குறையாதது. அதையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் ஒப்பந்தமாகி, 2021-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ உங்க அத்தையைக் குளுமையா கூட்டிப்போறேன்னு, வெயிலை நானே கூட்டிக்கிட்டிருந்தேனா?" என்றார்.

மூட்டைப் பற்றவைத்து, மறுபடி நுரை பூசி, குமிழி இல்லை என்று கண்டபின், டிரையர் புட்டியின் மூடியைக் கடைசி நிமிஷத்தில் திறந்து மாட்டினார் இளைஞர். முன்னாலேயே திறந்தால் அது வெளிக்காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டுப் பிறகு ஒன்றுக்கும் உதவாதாம். வாக்குவம் பம்பை வைத்து முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். நிறுத்திய பிறகும் முள் அசையாமல் நிற்கிறதா என்று டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். நின்றது. கேஸைத் தராசில் வைத்து எடை போட்டு அடித்தார்; பழைய கேஸின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறைத்து. எல்லாமாகச் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. மாமா கணக்குப் பார்த்து, இது வாடகைக் காருக்கு எத்தனை மாதம் ஆகும் என்று வாய்விட்டே சொன்னார். அந்த எண்ணை எழுத வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கத்திரி முடியாத ஒரு காலையில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மாமா ஓட்டினார். நெய்வேலியருகே லாரிகள் வரிசையாக வந்தன. புழுதி கண்ணாடிக்கு வெளியே போயிற்று. அத்தை திண்ணையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று நானும் மாமாவும் பேச்சை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டோம். வடலூர் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது:

"என்னங்க, கொஞ்சம் குறைச்சு வையுங்க. குளிருது."

அந்தப் பெட்டியின் திருகுக்கு மூன்றே நிலைகள். மாமா அதை இரண்டில் வைத்தார்.